ஆசானிடம் எதைக் கேட்பது? – இளம் ஓவியருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள இளம் ஓவியருக்கு,

ஒரு பெரிய ஓவியரின் பாணியைத் தழுவிச் சொந்தமாக ஓர் ஓவியம் வரைய வேண்டும் என்ற ஆசை உங்கள் வயதில் எழாவிட்டால்தான் வியப்பு. வான்கோவின் படங்களில் மனம் தோய்ந்தவர் தூரிகையை எடுத்ததும் வானத்தைச் சுழற்றிப் பார்க்கத்தான் செய்வார். அப்படிப்பட்ட படங்கள் இன்று கண்காட்சிகளிலும் கைப்பேசித் திரைகளிலும் நிறையவே வருகின்றன. கோயில் கோபுரம், அதன்மேல் ‘விண்மீன் இரவு’ ஓவியத்தின் நீலச் சுழல்கள். கரையில் ஒரு கட்டுமரம், அதன்மேலும் அதே சுழல்கள். கோபுரம் நம்முடையது, வானம் அவருடையது, இரண்டையும் சேர்த்தால் புதிய ஓவியம் என்பது கணக்கு. அந்தக் கணக்கு எங்கே பிசகுகிறது, அதே ஆசையை எந்த வழியில் நிறைவேற்றிக்கொள்ளலாம் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாணி என்று நாம் வெளியிலிருந்து பார்ப்பது, ஓவியர் தம்முன் நின்ற ஒரு சிக்கலுக்காக எடுத்த முடிவுகளின் தடம். தடத்தை மட்டும் பெயர்த்தெடுத்து ஒட்டினால் ஒட்டுத் தெரியும். அந்த முடிவுகள் எதற்காக எடுக்கப்பட்டன என்று கண்டுகொண்டு, அதே கேள்வியை உங்கள் கண்முன் இருக்கும் பொருளிடம் கேட்டால், கிடைக்கும் பதில் உங்களுடையதாக இருக்கும். இதற்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. வான்கோ ஓவியரானதே இந்த வழியில்தான்.

1853இல் பிறந்த அவர், 1880இல், ஏறத்தாழ 27 வயதில்தான் ஓவியராவது என்று முடிவெடுத்தார். முறையான பயிற்சி இல்லாத அந்த மனிதர் முதலில் செய்த வேலை படியெடுப்பது. சார்ல் பார்க் என்பவர் உருவாக்கிய வரைபயிற்சித் தாள்களை ஒவ்வொன்றாகப் பார்த்து வரைந்தார். உழவர்களை வரைந்த பிரெஞ்சு ஓவியர் மில்லேயின் ‘விதைப்பவன்’ அச்சுப்படத்தையும் படியெடுத்தார். மில்லேயின் மூலப்படம் 1850ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதில் விதைப்பவனின் உருவம் படத்தையே நிறைத்து நிற்கும். மண்ணின் பழுப்பும் கருமையும் ஓங்கியிருக்கும். அந்த உருவத்தை வான்கோ விடவே இல்லை. 1888 ஜூனில் பிரான்சின் ஆர்ல் நகரில் அதைத் தம் சொந்த ஓவியமாகத் தீட்டினார். இப்போது விதைப்பவன் சிறிதாகிவிட்டான். அவனுக்குப் பின்னால் அடிவானத்தில் பெரிய மஞ்சள் சூரியன், கீழே ஊதா படர்ந்த உழுத நிலம். உடலின் கனத்தாலும் மண்ணின் இருட்டாலும் மில்லே சொன்ன உழைப்பின் பெருமையை, ஊதாவையும் மஞ்சளையும் எதிரெதிரே நிறுத்திச் சொல்ல முடியுமா என்பதே அவர் கேட்ட கேள்வி. மில்லேயிடமிருந்து கேள்வி வந்தது. ஆர்லின் வெயில் பதிலைத் தந்தது. இடையில் கழிந்த காலம் எட்டு ஆண்டுகள்.

இதே பாடத்தை ஜப்பானிய அச்சோவியங்களிலும் பார்க்கலாம். வான்கோவும் தம்பி தியோவும் சேர்த்த அத்தகைய அச்சுகள் 600க்கும் மேற்பட்டவை. 1887இல் பாரிஸில் இருந்தபோது, ஜப்பானிய ஓவியர் ஹிரோஷிகே 1857இல் வெளியிட்ட எடோ நகரக் காட்சிகளிலிருந்து இரண்டை வான்கோ எண்ணெய் வண்ணத்தில் படியெடுத்தார். ஒன்று பூத்த பிளம் மரம், மற்றொன்று மழையில் பாலம். கட்டம் போட்டு, கோடு பிசகாமல் எடுத்த நகல்கள் அவை. பிளம் மரப் படத்தில் ஹிரோஷிகே செய்த துணிச்சலைக் கவனியுங்கள். அடிமரம் நம் முகத்துக்கு முன்னாலேயே, சட்டகத்தின் ஓரங்களால் வெட்டப்பட்டு நிற்கிறது. மனிதர்கள் தொலைவில் சிறு உருவங்கள். அடுத்த ஆண்டு நவம்பரில் வான்கோ மீண்டும் ஒரு விதைப்பவனைத் தீட்டியபோது, படத்தின் குறுக்கே ஒரு மரம் சாய்ந்து வந்துவிட்டது. பக்கத்தையும் தொலைவையும் மோதவிடும் அந்த முடிவு ஹிரோஷிகேயுடையது. ஆனால் படத்தில் ஜப்பானிய எழுத்து இல்லை, ஜப்பானியப் பூங்கா இல்லை. 1890 பிப்ரவரியில், புதிதாய்ப் பிறந்த தம்பி மகனுக்காக அவர் தீட்டிய ‘வாதுமைப் பூக்கள்’ இன்னும் ஒரு படி மேலே போகிறது. நிலமே இல்லாமல், நீல வானத்தின் முன் பூத்த கிளைகள் மட்டும். பார்ப்பவர் ஜப்பானை நினைக்கலாம். ஆனால் வேறு எவருடைய படம் என்றும் அதைச் சொல்ல மாட்டார். 1887இன் நகல், 1888இன் தழுவல், 1890இன் சொந்தப் படைப்பு என்று மூன்றையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். தாக்கம் எப்படிச் செரிக்கிறது என்பதை ஒரு பாடநூலைவிடத் தெளிவாக அவை காட்டும்.

நகல் எடுப்பதை அவர் மாணவப் பருவத்தோடு விட்டுவிடவும் இல்லை. 1889இன் இலையுதிர் காலத்திலிருந்து சான் ரெமி மனநல விடுதியில் இருந்தபடியே, மில்லேயைத் தழுவி மட்டும் இருபதுக்கும் மேற்பட்ட ஓவியங்கள் செய்தார். ஒரு கலைஞர் பீத்தோவன் இசையை வாசிக்கும்போது தம் விளக்கத்தையும் சேர்த்துத்தானே வாசிக்கிறார், ஓவியத்தில் அது ஏன் கூடாது என்று தம்பிக்கு எழுதிய கடிதத்தில் கேட்டார். நமக்கு இது எளிதில் விளங்கும். தியாகராஜரின் கீர்த்தனையைப் பாடுகிறவரை யாரும் நகலெடுப்பவர் என்பதில்லை. கீர்த்தனை அவருடையது, நிரவல் பாடுகிறவருடையது என்று கேட்பவருக்குத் தெரியும். வான்கோவின் முன் இருந்தவை பெரும்பாலும் கறுப்பு வெள்ளை அச்சுகளும் நிழற்படங்களும். வண்ணம் முழுவதும் அவரே முடிவு செய்ய வேண்டியிருந்தது. மூலம் எதைச் சொல்லாமல் விட்டதோ அங்கே அவர் தம் வேலையைத் தொடங்கினார். தழுவி வரைய நினைப்பவர் முதலில் தேட வேண்டிய இடம் அதுதான்.

இனி அந்தச் சுழல்களுக்கு வருவோம். வான்கோவின் தீற்றல்கள் அலங்காரத்துக்காகப் பிறந்தவை என்று நினைத்துவிடாதீர்கள். ஆர்லில் அவர் நாணல் தட்டையைச் சீவிப் பேனாவாக்கி மையில் கோட்டோவியங்கள் வரைந்தார். நாணல் பேனா மையை அதிகம் தேக்கி வைக்காது. குட்டையான கோடு, புள்ளி, கொக்கி என்றுதான் அதில் எழுதலாம். அந்தக் கட்டுப்பாட்டுக்குள், புல்லுக்கு ஒரு குறி, கூரைக்கு ஒரு குறி, வயலுக்கு ஒரு குறி என்று ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனி மொழி கண்டார். அதே குறிகள்தாம் அவருடைய கேன்வாஸில் தடித்த வண்ணத் தீற்றல்களாகத் தெரிகின்றன. கோதுமை வயலில் அவை கதிர் வளரும் திசையில் எழும், சைப்ரஸ் மரத்தில் தீ நாக்குபோல் முறுக்கி ஏறும். வண்ணத்திலும் இதே ஒழுங்கு உண்டு. நீலத்துக்கு ஆரஞ்சு, ஊதாவுக்கு மஞ்சள், சிவப்புக்குப் பச்சை என்று ஒன்றையொன்று தூக்கிக்காட்டும் இணைகளை, பிரெஞ்சு ஓவியர் தெலக்ருவாவின் வண்ண முறையைப் பற்றி வாசித்துக் கற்றார். பல நிறக் கம்பளி நூல் உருண்டைகளை ஒரு பெட்டியில் வைத்துக்கொண்டு எந்த நிறத்தின் பக்கத்தில் எது நின்றால் எப்படி இருக்கும் என்று பார்த்தார். அந்தப் பெட்டி இன்றும் ஆம்ஸ்டர்டாமில் அவர் பெயரிலுள்ள அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இதைத் தெரிந்துகொண்டவர் கோபுரத்தின்மேல் சுழல் வரைய மாட்டார். பனைமரத்துக்கு என்ன குறி என்று கேட்பார். பனையின் அடிமரம் வளையம் வளையமாகச் சொரசொரத்திருக்கும், ஓலை விசிறியாக விரிந்து நுனியில் கிழிந்து தொங்கும். இரண்டும் ஒரே தீற்றலில் அடங்குமா? நட்டு சில நாளே ஆன நாற்று வயலுக்கும் அறுவடைக்கு நிற்கும் வயலுக்கும் ஒரே கோடு போதுமா? சித்திரை மாத உச்சி வெயிலில் நம் ஊர்த் தெருவில் நிறங்கள் வெளுத்துப் போகின்றன, நிழல் மட்டும் அழுத்தமாக நிற்கிறது. அந்த வெளுப்பை எந்த இரண்டு நிறங்களை மோதவிட்டுச் சொல்வீர்கள்? இந்தக் கேள்விகள் வான்கோ கற்றுக்கொடுத்தவை. இவற்றுக்கான பதில் அவருடைய எந்தப் படத்திலும் இல்லை, ஏனென்றால் அவர் பனையைப் பார்த்து வரைந்தவர் இல்லை.

பாணியை வெளித்தோற்றமாக மட்டும் எடுத்துக்கொண்டால் எங்கே போய் முடியும் என்பதற்கும் வரலாற்றில் சான்று உண்டு. ஹான் வான் மீஹெரன் என்ற டச்சு ஓவியர் 17ஆம் நூற்றாண்டின் பழைய கேன்வாஸைச் சுரண்டி, புதிய வண்ணத்தைச் செயற்கைப் பிசினால் கெட்டிப்படுத்தி, அந்த நூற்றாண்டின் டச்சு ஆசான் வெர்மீர் வரைந்தது போல் ஒரு ‘எம்மாவூஸ் விருந்து’ தயாரித்தார். 1937இல் அன்றைய பெரிய வல்லுநரான ஆபிரகாம் பிரெடியஸ் அதை வெர்மீரின் தலைசிறந்த படைப்பு என்று கொண்டாடினார். பெருந்தொகைக்கு அது வாங்கப்பட்டு, ராட்டர்டாம் நகரின் பாய்மன்ஸ் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. 1945இல், நாஜித் தலைவர் கோரிங்கிடம் ஒரு வெர்மீரை விற்ற குற்றத்துக்காகக் கைதானபோதுதான், அதுவும் ‘எம்மாவூஸ் விருந்து’ம் தாமே வரைந்த போலிகள் என்று வான் மீஹெரன் ஒப்புக்கொண்டார். இன்று அந்தப் படங்களைப் பார்ப்பவருக்கு அவற்றில் வெர்மீர் தெரிவதில்லை. கனத்த இமைகளும் உயிரற்ற முகங்களும்தான் தெரிகின்றன. கைத்திறன் அவரிடம் குறைவில்லை. வெர்மீரின் சமயப் படம் ஒன்று கிடைக்காதா என்று வல்லுநர்கள் ஏங்கியதற்கு அவர் விடை கொடுத்தார். தாம் கண்ட எதனிடமும் அவர் கேள்வி கேட்கவில்லை. பிறர் எதிர்பார்ப்புக்காகச் செய்த பாணி, அந்த எதிர்பார்ப்பு மறைந்ததும் வெறும் தோலாக நின்றுவிட்டது.

நேர்மாறான சான்று நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஓவியர் அம்ரிதா ஷெர்கில் பாரிஸில் படித்தவர். பிரெஞ்சு ஓவியர் கொகேன் மீதிருந்த பற்றை மறைக்காமல் 1934இல் தம்மையே தஹிதித் தீவுப் பெண்ணாக வரைந்துகொண்டவர். அங்கேயே நின்றிருந்தால் கொகேனின் பல மாணவர்களில் ஒருவராகியிருப்பார். இந்தியா திரும்பி, அஜந்தாவின் சுவரோவியங்களைப் பார்த்து, தென்னிந்தியா முழுவதும் பயணம் செய்தபின், 1937இல் ‘மணப்பெண் ஒப்பனை’, ‘பிரம்மசாரிகள்’, ‘சந்தைக்குச் செல்லும் தென்னிந்தியக் கிராமத்தினர்’ என்ற மூன்று படங்களைத் தீட்டினார். தட்டையான வண்ணப் பரப்பும் எளிமையாக்கிய உருவமும் கொகேனிடம் கற்றவை. உருவங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து அமரும் அமைதி அஜந்தாவுடையது. அந்தக் கறுத்த மேனியும் வெள்ளை வேட்டியும் அவர் தென்னகத்தில் கண்ணால் கண்டவை. மூன்றும் கலந்தபின் மிஞ்சியது ஷெர்கில் மட்டும்தான். 1941இல், 28 வயதில் அவர் இறந்தார். இவ்வளவும் அந்தச் சிறு வாழ்வுக்குள் நடந்தது.

‘பிறர் படத்தையே பார்க்காமல் இருந்தால் என் தனித்தன்மை கெடாதே’ என்று நீங்கள் கேட்கலாம். மதிக்க வேண்டிய அச்சம்தான். ஆனால் எதையும் பார்க்காத கண் என்று ஒன்று இல்லை. நாள்காட்டிப் படம், சினிமாச் சுவரொட்டி, விளம்பரம், கைப்பேசித் திரை எல்லாம் நம்மைக் கேட்காமலே கைக்குள் வந்து உட்கார்ந்துவிடுகின்றன. ஆசானைத் தேர்ந்துகொள்ளாதவர் இவற்றுக்கு மாணவராகிறார், அதை அறியாமலே. தெரிந்து ஏற்ற தாக்கத்தை ஒருநாள் உதறலாம். தெரியாமல் வந்ததை உதறுவது கடினம்.

‘வாங்குபவர்கள் அந்தச் சுழலைத்தானே கேட்கிறார்கள்’ என்பது அடுத்த கேள்வி. வயிற்றுப்பாட்டுக்காக ஒருவர் அப்படி வரைந்து விற்பதை நான் குறை சொல்ல மாட்டேன். ஒன்றை மட்டும் எண்ணிப் பாருங்கள். எந்த நிழற்படத்தையும் வான்கோ தோற்றத்துக்கு மாற்றிவிடும் மென்பொருள்கள் இப்போது எல்லோர் கையிலும் இருக்கின்றன, சில நொடிகளில் வேலை முடிந்துவிடும். தோற்றத்தை ஒட்டும் வேலையில் மனிதக் கை அவற்றோடு போட்டியிட்டு வெல்லாது. பனையின் முன் அமர்ந்து அதற்கு ஒரு குறி கண்டுபிடிக்கும் வேலை இன்னும் உங்களுடையதாகவே இருக்கிறது.

நேர்மையும் இதில் ஒரு பகுதி. பாணிக்குப் பதிப்புரிமை கிடையாது. வரைந்த படத்துக்கு உண்டு. இந்தியச் சட்டப்படி ஓவியர் இறந்து 60 ஆண்டுகள் அது நீடிக்கும். 1890இல் இறந்த வான்கோவின் படங்களை யாரும் படியெடுக்கலாம். 2011இல் மறைந்த எம்.எஃப். ஹுசைனின் படத்தை அப்படி எடுத்து விற்க முடியாது. சட்டம் இடம் கொடுத்தாலும் நகலென்றால் இன்னாருடைய நகல் என்றும், தழுவலென்றால் இன்னாரைத் தழுவியது என்றும் படத்தின் பின்புறம் எழுதிவையுங்கள். அப்படி எழுதுவதால் உங்கள் மதிப்பு குறையாது. எழுத வேண்டிய தேவை எப்போது இல்லாமல் போகிறது என்பதையும் அதுவே உங்களுக்குக் காட்டும்.

செய்ய வேண்டிய வரிசை இதுதான். ஓர் ஓவியரை மட்டும் தேர்ந்தெடுங்கள். அவர் படம் ஒன்றைக் கட்டம் போட்டு, உண்மையாக, எதையும் மாற்றாமல் படியெடுங்கள். எடுக்கும்போதே ஒவ்வோர் இடத்திலும் ஏன் இப்படிச் செய்தார் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். பிறகு அதே படத்தை ஒரே ஒரு முடிவை மாற்றி மீண்டும் வரையுங்கள். வண்ணத்தை மாற்றலாம், அல்லது பார்வைக் கோணத்தை. கடைசியில் படத்தை மூடிவைத்துவிட்டு, நோட்டை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியே போய், உங்கள் தெருவிலோ வயலிலோ கடற்கரையிலோ உட்காருங்கள். விதைப்பவனை முதன்முதலில் படியெடுத்த நாளிலிருந்து சொந்தச் சூரியனை அவன் பின்னால் எழுப்பும்வரை வான்கோவுக்கு எட்டு ஆண்டுகள் பிடித்தன. நீங்களும் அந்தக் காலத்தை உங்களுக்குக் கொடுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஓவியத்துக்காகக் காத்திருக்கும் ஒருவர்