பழைய பிக்கப்புக்கு எஞ்சின் தேடும் தம்பிகளுக்கு

வத்தலக்குண்டில், கொடைக்கானல் ரோட்டோரம் முப்பது வருஷமாக ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். மலைக்கு சிமென்ட்டும் கம்பியும் ஏற்றிப்போய், கேரட்டும் பூண்டும் ஏற்றிக்கொண்டு இறங்குகிற பிக்கப் வண்டிகள்தான் என் பிழைப்பு. "எஞ்சின் போச்சுண்ணே, வேற ஒண்ணு பாத்து வைங்க" என்று சொல்லிவிட்டு ஓனர் டீ குடிக்கப் போய்விடுவார். பிறகு நடக்கிற நல்லது கெட்டதெல்லாம் நம் தலையில்தான். ஸ்பானர் பிடித்து இரண்டு மூன்று வருஷம் ஆன பையன்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. பழைய எஞ்சின் எதனால் செத்தது என்று தெரியாமல் அடுத்ததைத் தேடக் கிளம்பாதே. ஆரம்பகாலத்தில் ஒரு டாடா 207-க்கு அருமையான எஞ்சின் பிடித்து மாட்டினேன். நாலாவது மாதம் மலை ரோட்டில் டம் டம் பாறைப் பக்கம் சூடேறி, ஜாமாகி நின்றுவிட்டது. முதல் எஞ்சினைக் கொன்ற ரேடியேட்டரையே இதற்கும் மாட்டியிருந்தேன். பிரித்துப் பார்த்தால் பாதி ட்யூப் உப்புப் படிந்து அடைத்துக் கிடந்தது. கூலியை விட்டுக்கொடுத்ததோடு, லைனர், பிஸ்டன் செலவில் பாதியும் என் பாக்கெட்டிலிருந்து போயிற்று. ஆகவே முதலில் சம்பைக் கழற்று. பேரிங்கில் மேல் பூச்சு போய்ச் செம்பு தெரிந்தால் ஆயில் சரியாக ஏறவில்லை. ஆயில் பால் டீ நிறத்தில் இருந்தால் ஹெட் கேஸ்கெட்டோ ஹெட்டோ போயிருக்கும். பிஸ்டன் தலையில் ஓட்டை என்றால் நாசிலைச் சந்தேகப்படு. காரணம் வண்டியிலேயே இருக்கும்போது எஞ்சினை மட்டும் மாற்றி என்ன செய்ய?

2. மாற்றத்தான் வேண்டுமா என்று இன்னொரு தடவை பார். பிளாக்கில் விரிசல் இல்லை, கிராங்க் இன்னும் ஒரு சைஸ் கிரைண்டிங் தாங்கும் என்று லேத்துக்காரர் சொன்னால் அதையே கட்டிவிடு. எஞ்சின் நம்பர் மாறாது, ஆர்.டி.ஓ. ஆபீஸ் அலைச்சலும் இல்லை. பிளாக் போயிருந்தாலும், ஹெட்டும் பம்பும் நன்றாக இருந்தால் ஆஃப் எஞ்சினே போதும்.

3. வண்டிக்கு அடியில் படுத்து, பின் ஸ்பிரிங் பட்டை தொங்குகிற இடத்தில் சேஸிஸைப் பார். அங்கே வெல்டிங் மேல் வெல்டிங் இருந்தால் ஓனரிடம் நேராகச் சொல்லிவிடு: இந்த வண்டிக்கு எஞ்சின் செலவு வேண்டாம்.

4. கழற்றின எஞ்சின் எதுவோ அதே எஞ்சினை மாட்டு. அந்தக் காலத்தில் பெட்ரோல் ஜீப்புக்கு மட்டடார் டீசல் எஞ்சினை ஏற்றுவது பெரிய வித்தை. நானும் செய்திருக்கிறேன், பெருமையும் பட்டிருக்கிறேன். இன்றைக்கு உன்னை அதைச் செய்யச் சொல்ல மாட்டேன். பெல் ஹவுசிங், ஃப்ளைவீல், மவுண்டிங், சைலன்சர் பைப் என்று ஒவ்வொன்றாக வெட்டி ஒட்டுவதில் எஞ்சின் விலைக்குச் சமமாக இன்னொரு செலவு வரும்.

சிசி ஒன்று என்பதால் எஞ்சின் ஒன்றாகிவிடாது. மஹிந்திராவின் 2523 சிசி-யில் பம்ப் வைத்தது உண்டு, காமன் ரெயில் வந்ததும் உண்டு. பம்ப் எஞ்சினை நாலைந்து ஒயரில் ஸ்டார்ட் செய்துவிடலாம். காமன் ரெயில் வாங்கினால் அதன் ஈ.சி.எம்., ஒயரிங், சென்சார், சாவி எல்லாம் சேர்ந்து வர வேண்டும். எஞ்சினை மட்டும் வாங்கி வந்து ஒரு மாதமாக ஸ்கேனர்காரர் பின்னால் அலைந்த பையன்கள் எனக்குத் தெரியும்.

5. மலை வண்டிக்கு டர்போ எஞ்சின் பற்றி ஒரு வார்த்தை. கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரம். ஆயிரம் மீட்டர் ஏறினால் காற்று ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறையும். டர்போ இல்லாத எஞ்சின் மேலே போகப் போகக் கறுப்புப் புகை தள்ளுவது அதனால்தான். அது எஞ்சின் கோளாறு அல்ல. "இழுக்கலண்ணே" என்று டிரைவர் சொன்னதும் பம்பைத் திருகி டீசலைக் கூட்டாதே. சூடுதான் ஏறும், இழுவை வராது. முதலிலேயே டர்போவோடு வந்த வண்டியில், விலை குறைவு என்று டர்போ இல்லாத எஞ்சினைப் போடவும் போடாதே.

6. சென்னை புதுப்பேட்டையோ நம் பக்கத்து பழைய சாமான் கடையோ, எஞ்சின் பார்க்கப் போனால் பேச்சைக் குறைத்துக்கொள். முதலில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் கை வை. சூடாக இருந்தால் உனக்கு முன்னாலேயே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள். ஆறட்டும், உட்கார்ந்திரு. ஆறின எஞ்சின் எத்தனை சுற்றில் பிடிக்கிறது என்பதில் பாதி விஷயம் வெளியே வந்துவிடும். ஓடும்போது ஆயில் மூடியைத் திற. கொஞ்சம் ஆவி வரலாம். அடுப்புப் புகைபோக்கி மாதிரி குப்குப்பென்று அடித்தால் ரிங் போயிற்று. நீலப்புகை வந்தால் ஆயில் எரிகிறது. கம்ப்ரஷன் கேஜ் கொண்டு போ. நாலு சிலிண்டருக்குள் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வித்தியாசம் இருந்தால் விலையைக் கேட்காமல் எழுந்துவிடு. ஆயிலை விரலில் தொட்டுப் பார். எண்ணெய்ச் சிக்கு போலக் கெட்டியாக இருந்தால் தட்டுச் சத்தத்தை அமுக்க எதையோ ஊற்றியிருக்கிறார்கள். மேலே புதுப் பெயின்ட் அடித்த எஞ்சினை நான் வாங்குவதே இல்லை. ஆயில் எங்கே கசிந்தது என்று அழுக்கு காட்டிக்கொடுக்கும், பெயின்ட் காட்டாது. ஸ்டார்ட் செய்து காட்ட மாட்டேன் என்றால், சம்பையாவது கழற்றிக் காட்டட்டும்.

7. நம்பர் அடித்த இடத்தில் கிரைண்டர் கீறல் இருந்தால் தொடாதே. திருட்டு வண்டி எஞ்சின் என்றால் போலீஸ் முதலில் வருவது உன் ஷெட்டுக்குத்தான். பில்லும், எஞ்சின் எந்த வண்டியிலிருந்து இறங்கியதோ அதன் ஆர்.சி. ரத்தான நகலும் வாங்கு. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி ஆர்.டி.ஓ.விடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். மாற்றிய 14 நாளுக்குள் ஆர்.சி.யைக் கொடுத்துப் பதிவு செய்ய வேண்டும். ஃபைனான்ஸ் முடியாத வண்டி என்றால் அவர்களிடம் எழுத்தில் சம்மதம் வாங்கிவிடு. வண்டி பி.எஸ்.4 என்றால் அதற்குக் கீழான எஞ்சின் ஆகாது. பி.எஸ்.4 நாடு முழுக்க வந்தது 2017 ஏப்ரல் 1-ல், பி.எஸ்.6 வந்தது 2020 ஏப்ரல் 1-ல். வண்டி வருஷத்தை இதோடு ஒத்துப் பார்த்துக்கொள். "நம்பரை யார் பாக்கப் போறா" என்பார் ஓனர். எஃப்.சி.யில் பார்ப்பார்கள். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பதும் அதைத்தான்.

8. மாட்டும்போது வாட்டர் பம்ப், ஹோஸ், பெல்ட், கிளட்ச் பிளேட், பின் ஆயில் சீல் எல்லாம் புதிதாகப் போடு. பழைய டர்போ ஆயில் விட்டிருந்தால் இன்டர்கூலருக்குள் ஆயில் தேங்கிக் கிடக்கும். அதைக் கழுவாமல் ஸ்டார்ட் செய்தால் அந்த ஆயிலையே குடித்துக்கொண்டு, சாவியை அணைத்தாலும் நிற்காமல் எஞ்சின் அலறும். ஒரு தடவை அந்தச் சத்தத்தைக் கேட்டவன் மறக்க மாட்டான். தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிகிற பழக்கம் நம் ஊர் மெக்கானிக்குகளிடம் இன்னும் போகவில்லை. அது இல்லாவிட்டால் எஞ்சின் சரியான சூட்டுக்கே வராது. லைனர் தேயும், மைலேஜும் குறையும்.

9. மொத்தச் செலவையும் எழுதிக் காட்டிவிட்டு வேலையைத் தொடங்கு. எஞ்சின் விலையை மட்டும் சொல்லி ஆரம்பித்தால் கடைசியில் சண்டைதான்.

10. முதல் ஆயிலை ஆயிரம் கிலோமீட்டருக்குள் மாற்றிவிடு. எஞ்சின் ஏறிய மறுநாளே முழு லோடு ஏற்ற ஓனர் துடிப்பார். முதல் வாரம் அரை லோடு, அதுவும் சமவெளியில் மட்டும் என்று சொல். கேட்கவில்லையென்றால் அதை பில்லிலேயே எழுதி, அவர் கையெழுத்தை வாங்கிக்கொண்டு சாவியைக் கொடு.