மருந்துக் கடையும் 72 மணி நேரமும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்)

எங்கள் ஊர்ப் பக்கம் உடம்புக்கு முடியவில்லை என்றால் முதலில் போவது மருத்துவரிடம் அன்று, மெடிக்கல் கடைக்குத்தான். சீட்டைப் படிக்கத் தெரிந்தவர் இல்லாத வீட்டில் கடைக்காரர் சொல்வதே மருத்துவம். எங்கள் வீடும் அப்படித்தான் இருந்தது. ஆகவே அவருக்கு என்ன தெரியும் என்பது சிறிய கேள்வியன்று. அவசரக் கருத்தடை மாத்திரையை எடுத்துக்கொள்வோம்.

ஆணுறை கிழிந்தோ, வன்கொடுமைக்கு ஆளாகியோ, வேண்டாத கருவுறுதலுக்கு ஒரு பெண் அஞ்சும்போது உட்கொள்ளும் மருந்து இது. லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம், ஒரே வேளை. 72 மணி நேரத்துக்குள் உட்கொள்ள வேண்டும். முந்த முந்தப் பயன் மிகும். இந்தியாவில் மருத்துவர் சீட்டின்றி இதனை விற்க 2005ஆம் ஆண்டில் இசைவு தரப்பட்டது. இருந்தும் தமிழ்நாட்டுக் கடைகள் பலவற்றில் 'இல்லை' என்ற விடையே கிடைப்பதாகச் செய்தித்தாள்கள் பலமுறை எழுதியுள்ளன.

தயக்கத்தின் வேரில் ஒரு குழப்பம் இருக்கிறது. இது கருவைக் கலைக்கும் மாத்திரை என்று பலர் எண்ணுகிறார்கள். நாம் வகுப்பில் படித்ததைக் கொண்டே இதைத் தீர்க்கலாம். பிட்யூட்டரிச் சுரப்பியின் லூட்டினைசிங் ஹார்மோன் திடீரெனப் பெருகும்போதுதான் சூலகத்திலிருந்து முட்டை வெளிவருகிறது. அப்பெருக்கு தொடங்குமுன் மாத்திரை உடலில் சேர்ந்தால் முட்டை வெளிவருவது தள்ளிப்போகும். அதற்குள் விந்தணுக்கள் மடிந்துவிடும். கரு பதிந்தபின் இம்மாத்திரை அதைக் கலைப்பதுமில்லை, கெடுப்பதுமில்லை. கலைப்பவை மிஃபெப்ரிஸ்டோன், மிசோப்ரோஸ்டால் என்னும் வேறு மருந்துகள். அவை 1971ஆம் ஆண்டின் கருக்கலைப்புச் சட்டத்துக்கு உட்பட்டு, மருத்துவர் பொறுப்பில் தரப்பட வேண்டியவை.

அறியாமை போனாலும் மனப்பான்மை எஞ்சுகிறது. "கல்யாணம் ஆகிவிட்டதா?" என்ற கேள்விக்கு மருந்தியலில் இடமில்லை. அடிக்கடி வாங்குவார்களே என்னும் கவலையை மட்டும் நான் தள்ளமாட்டேன். அதற்கு மறுமொழி, மாத்திரையைக் கொடுத்துவிட்டு வழக்கமான கருத்தடை முறைகளைச் சொல்வது. 5 நாட்களுக்குள் காப்பர்-டி பொருத்திக்கொண்டால் மாத்திரையை விடப் பயன் அதிகம் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்.

அவர் கேட்க வேண்டியவை வேறு. காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிடுகிறாரா? வலிப்புக்கு ஃபெனிட்டாயின்? இவை லெவோநார்ஜெஸ்ட்ரலின் வலுவைக் குறைத்துவிடும். 2 மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் மறுபடி ஒரு மாத்திரை வேண்டும். மாதவிலக்கு ஒரு வாரத்துக்கு மேல் தள்ளிப்போனால் கருச்சோதனை செய்துகொள்ள வேண்டும். இவ்வளவையும் சொல்ல இரண்டு நிமிடம் போதும்.