கண்டுபிடித்தாரா கொலம்பஸ்?



"அமெரிக்காவைக் கண்டுபிடித்தவர் யார்?" என்று கேட்டால் டக்கென்று "கொலம்பஸ்!" என்போம். ஆனா, அங்கேதான் ஏற்கனவே ஆளுங்க இருந்தாங்களே!

1492 அக்டோபர் 12-ல் கொலம்பஸ் பஹாமா தீவு ஒன்றில் இறங்கினார். இந்தியாவின் பக்கம் வந்துவிட்டதாக நினைத்து அங்கிருந்தவர்களை 'இந்தியர்' என்றார். பிறகு ஹிஸ்பானியோலா தீவுக்குப் போனார். (இன்றைய ஹெய்ட்டியும் டொமினிக்கன் குடியரசும்.) அங்கே வாழ்ந்தவர்கள் தாய்னோ மக்கள். மரவள்ளியும் மக்காச்சோளமும் பயிரிட்டவர்கள். பெரிய பெரிய தோணிகள் செய்தவர்கள்.

அவர்களுக்கு என்ன ஆயிற்று?

1. தங்க வரி: தங்கம் கிடைத்த பகுதிகளில் 14 வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவரும் 3 மாதத்துக்கு ஒருமுறை ஒரு சிறு மணி நிறையத் தங்கத்தூள் தர வேண்டும். 14 வயசுன்னா நம்ம ஒன்பதாம் வகுப்பு!

2. கட்டாய வேலை: சுரங்கத்துக்கு இழுத்துப் போனதால் வயலைப் பார்க்க ஆளில்லை. பஞ்சம் வந்தது.

3. பெரியம்மை: 1518-ல் பரவியது. அந்த நோயையே அறியாத உடம்பில் எதிர்ப்புச் சக்தி ஏது?

இவர்களும் மனிதர்கள்தானே என்று 1511-லேயே மாண்டெசினோஸ் என்ற ஸ்பானியப் பாதிரியார் கோயிலில் நின்று கேட்டார். ஆனாலும் 60 ஆண்டுகளுக்குள் தாய்னோக்களில் பெரும்பாலோர் அழிந்துபோனார்கள். மிஞ்சியவர்களின் வழிவந்தோர் இன்றும் கரீபியன் தீவுகளில் இருக்கிறார்கள்.

பாட்டி வீட்டு அரிக்கேன் விளக்கைப் பார்த்திருக்கீங்களா? புயலைக் குறிக்கும் அந்த 'ஹரிக்கேன்' தாய்னோ சொல்லிலிருந்து வந்ததுதான்!

இனி 'கண்டுபிடித்தார்' என்று எழுதும்போது, வந்தவரை மட்டுமல்ல, இருந்தவர்களையும் நினைப்போம்.