ஆடிக் காற்றும் மார்கழி விளக்கும்

சிரஞ்சீவி கண்ணனுக்கு,

ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஓயாது சுழலும் காற்றாலைகளைக் கண்டு வந்து, ஆடி மாதத்தில் அவை தரும் மின்சாரத்தை மார்கழிக்கு ஏன் வைத்துக்கொள்ளக் கூடாது என்று நீ எழுப்பியிருக்கும் வினா, விஞ்ஞானிகள் பலர் இன்றும் விடை தேடிக்கொண்டிருக்கும் வினாவேயாகும்.

மின்சாரம் பிறந்த கணமே செலவாக வேண்டியது. காற்றின் வேகம் இருமடங்கானால் அதன் சக்தி எட்டு மடங்காகும் இயல்பினால், தென்மேற்குப் பருவக்காற்று வீறுகொண்டு வீசும் இரவுகளில், வாங்குவாரின்றிச் சில காற்றாலைகளை நிறுத்திவைக்கவும் நேர்கிறது என்பதை நினைக்க எனக்கு வேதனையாகவே இருக்கிறது. சூரிய மின்சாரமோ, வீடுதோறும் விளக்கேற்றும் வேளையில் விடைபெற்றுக்கொள்கிறது. ஆகவே உற்பத்தியைக் காட்டிலும் சேமிப்பே இனிப் பெரிய காரியம் என்பது என் துணிபு.

ஆனைமலையில் காடம்பாறை இதற்கு ஒரு வழி காட்டியிருக்கிறது. மின்சாரம் மிஞ்சும்போது மேல் ஆழியாறு நீர்த்தேக்கத்தின் நீரைக் காடம்பாறை அணைக்கு ஏற்றி, தேவை மிகும்போது அதனையே இறக்கி, மலையைக் குடைந்து அமைத்த நிலையத்தில் 400 மெகாவாட் வரை உற்பத்தி செய்கிறார்கள். நீரை ஏற்றும் பம்பும் நீரால் சுழலும் டர்பைனும் அங்கே ஒரே யந்திரம், சுழலும் திசைதான் வேறு. இத்தகைய நிலையங்களில், ஏற்றுவதற்குச் செலவிட்ட நான்கு யூனிட்டுக்கு ஏறக்குறைய மூன்று யூனிட் திரும்பக் கிடைக்கும்.

ஆனால் இதற்கு மலை வேண்டும். தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்தில், உங்கள் மாடித் தொட்டியில் நிற்கும் 1,000 லிட்டர் நீரின் சக்தி முழுவதையும் நஷ்டமின்றி மின்சாரமாக்கினாலும், 9 வாட் பல்பு ஒன்று ஏறக்குறைய மூன்று மணி நேரம் எரிந்ததும் அது தீர்ந்துபோகும். கணக்கைப் போட்டுப் பார். ஒரு கிலோ எடையுள்ள லித்தியம் பாட்டரியோ அத்தகைய ஐந்து தொட்டிகளின் சக்தியைத் தன்னுள் அடக்கிக்கொள்ளும். மின்னேற்றும்போது லித்தியம் அயனிகள் ஒரு முனையின் அணு அடுக்குகளை விட்டு நீங்கி மறுமுனையின் அடுக்குகளுக்குள் புகுவதும், மின்சாரம் எடுக்கும்போது மீண்டு வருவதுமாகிய இந்த அற்புதத்தை உருவாக்கிய விட்டிங்ஹாம், குட்இனஃப், யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019ஆம் ஆண்டு ரசாயனத்துக்கான நோபல் பரிசு அளிக்கப்பட்டது. எனினும் லித்தியம் எல்லா நாட்டிலும் வேண்டிய மட்டும் கிடைப்பதில்லை. தூத்துக்குடி உப்பளங்களில் மலைபோல் குவியும் உப்பிலே உள்ள சோடியத்தைக் கொண்டும் பாட்டரி செய்யலாம் என்பதனால், எடை சற்றுக் கூடினாலும், அந்த ஆராய்ச்சியில் நான் மிகுந்த நம்பிக்கை வைத்திருக்கிறேன்.

இவையெல்லாம் பகலை இரவோடு இணைப்பவை. ஆடியை மார்கழியோடு இணைப்பதற்கு இவை போதா. மிகுந்த மின்சாரத்தால் நீரைப் பிரித்து ஹைட்ரஜன் வாயுவாக்கி, மாதக்கணக்கில் வைத்திருந்து, பின்னர் மீண்டும் மின்சாரமாக்க இயலும். ஆனால் போட்டதில் பாதிகூடத் திரும்பாத நிலையே இன்றுவரை நீடிக்கிறது. கல்லூரியில் எப்பாடத்தை எடுப்பது என்று கேட்டிருந்தாய் அல்லவா? மின்பொறியியலில் உனக்குள்ள ஆசை எனக்குத் தெரியும். அதை எடு, ஆனால் ரசாயனத்தைக் கைவிட்டுவிடாதே. ஹைட்ரஜன் வழியில் அந்த நஷ்டம் நேர்வது பெரும்பாலும் மின்முனைகளின் மேற்பரப்பில் நிகழும் ரசாயன வினைகளிலேதான்.

இப்படிக்கு,
உன் அன்புள்ள மாமா