பிரசண்ட் எதற்காகப் பிறந்தது?

கேள்வி: 2018-ல் குரங்கணி காட்டுத்தீயின்போது விமானப்படை ஹெலிகாப்டர்கள் வந்தன. தாக்குதல் ஹெலிகாப்டரும் அதே மாதிரிதானா?
— வாசகர், போடிநாயக்கனூர்

பதில்: இல்லை. குரங்கணிக்கு வந்த எம்ஐ-17, ஆட்களையும் சரக்கையும் சுமப்பது. 1999 கார்கில் போரில், அவ்வளவு உயரத்தில் பறக்கக்கூடிய தாக்குதல் ஹெலிகாப்டர் நம்மிடம் இல்லாததால், அதிலேயே ராக்கெட் பூட்டி அனுப்ப வேண்டிய நிலை. மே 28 அன்று டோலோலிங் அருகே ஒன்று வீழ்த்தப்பட்டது. பிளைட் லெப்டினன்ட் முகிலன் உட்பட நான்கு வீரர்களைப் பறிகொடுத்தோம்.

உங்கள் மேகமலை சுமார் 1,500 மீட்டர் உயரம். கார்கில் சிகரங்களோ 5,000 மீட்டரை ஒட்டியவை. அங்கே காற்று மெலிந்திருப்பதால் சுழலிறக்கைகளின் தூக்குவிசை குறையும், என்ஜினும் திணறும். அந்த உயரத்துக்கென்றே ஹெச்ஏஎல் நிறுவனம் உருவாக்கிய தாக்குதல் ஹெலிகாப்டர்தான் பிரசண்ட். எடை 5.8 டன். ஒடுங்கிய உடலில் இரு விமானிகள் முன்னும் பின்னுமாக அமர்வார்கள். 20 மி.மீ. பீரங்கி, 70 மி.மீ. ராக்கெட்டுகள் உண்டு.

2010 மார்ச் 29-ல் முதன்முதலாகப் பறந்தது. 2015-ல் சியாச்சினில் இறங்கிக் காட்டியது. ஆனால் ஜோத்பூரில் விமானப்படையில் சேர்ந்தது 2022 அக்டோபர் 3-ல்தான். கார்கிலுக்குப் பின் 23 ஆண்டுகள்! இவ்வளவு தாமதித்திருக்கக் கூடாது. 2025 மார்ச்சில் மேலும் 156-க்கு ஒப்பந்தமானது: தரைப்படைக்கு 90, விமானப்படைக்கு 66.