வகுத்தால் வராத நேரம்

அன்புள்ள கயல்விழிக்கு,

லண்டன் ஹீத்ரூவுக்கும் பாரிஸ் சார்ல் து கோலுக்கும் இடையே நேர்க்கோட்டில் சுமார் 350 கிலோமீட்டர்தானே, மணிக்கு 800 கிலோமீட்டர் பறக்கும் விமானத்துக்கு வகுத்துப் பார்த்தால் அரை மணிகூட ஆகாதே, அட்டவணையில் ஏன் ஒன்றேகால் மணிக்கு மேல் போட்டிருக்கிறார்கள் என்று கேட்டிருந்தாய். எதிர்க்காற்று என்று யாரோ சொன்னார்களாம். புரியாததையெல்லாம் காற்றின் தலையில் கட்டுவது நம்மவர்களுக்கு வழக்கமாகிவிட்டது! அட்லாண்டிக்கைத் தாண்டும் விமானத்துக்குக் காற்று பெரிய விஷயம். இந்தத் தொலைவில் அதனால் கூடுவதும் குறைவதும் சில நிமிடங்களே.

நீ வகுத்த 800, உயரத்தில் நிலையாகப் பறக்கும்போது உள்ள வேகம். இங்கே ஏறி முடிப்பதற்குள் இறங்கத் தொடங்கவேண்டும். தவிர, அட்டவணை நேரம் பறக்கும் நேரமே அல்ல. வாயிலை விட்டு விமானம் நகர்ந்ததிலிருந்து மறுமுனை வாயிலில் நிற்கும்வரை உள்ள நேரம் அது. ஓடுபாதைக்கு ஊர்ந்துபோய் வரிசையில் காத்திருப்பதும் அதில் சேர்த்தி. தாமதம் என்ற பெயர் வராதிருக்க விமான நிறுவனங்கள் கொஞ்சம் கூட்டியும் போட்டுக்கொள்ளும்.

திரும்பி வரும்போது ஹீத்ரூவின் வானத்தைப் பார்க்கவேண்டும். இருப்பது இரண்டே ஓடுபாதை. பெரும்பாலும் ஒன்று இறங்க, மற்றது ஏற. நெரிசல் நேரத்தில் வருகிறவர்களை பொவிங்டன், லாம்போர்ன், பிகின், ஓக்கம் என்ற நான்கு இடங்களில் வட்டமடிக்க விடுவார்கள். டிபன் கேரியர் அடுக்குபோல ஒன்றன்மேல் ஒன்றாக, ஆயிரம் அடி இடைவெளியில் விமானங்கள். அடியில் இருப்பது இறங்கப் போனதும் மேலே உள்ளவை ஒவ்வொன்றும் ஆயிரம் அடி கீழே வரும். ஒரு சுற்றுக்குச் சுமார் நான்கு நிமிடம். மூன்று சுற்று போட்டால் உன் அரை மணிக் கணக்கில் பாதி போயிற்று. நேர்க்கோட்டுத் தொலைவு ஒரு மீட்டர்கூடக் கூடவில்லை, பார்த்தாயா? இதைப் பேச ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. என் மாணவர்கள் அனைவரும் பட்ட பாடு இது.

பழைய விமானப் பயண வரலாறுகளைப் படிக்கும் பித்து எனக்கு உண்டு. 1919 ஆகஸ்ட் 25 அன்று, இன்றைய ஹீத்ரூவுக்குப் பக்கத்திலுள்ள ஹவுன்ஸ்லோ ஹீத்திலிருந்து பாரிஸின் லு பூர்ஜேவுக்கு அன்றாட விமானச் சேவை தொடங்கியது. அந்த மரச்சட்ட விமானத்துக்கு ஏறக்குறைய இரண்டரை மணி ஆயிற்று. வேகம் நான்கு மடங்காகியும் இன்றைய அட்டவணை அதில் பாதிக்குக்கூட இறங்கவில்லை. மிச்சத்தைத் தின்றது நெரிசல் என்பது என் கட்சி. மறுக்க ஆள் இருந்தால் அனுப்பு.

லண்டனைவிடப் பாரிஸ் ஒரு மணி முந்தியிருப்பதையும் தொலைவின் கணக்கில் எழுதிவிடாதே. 1940 வரை இரண்டு ஊருக்கும் கிரீனிச் நேரம்தான். ஜெர்மானியர் பாரிஸைப் பிடித்ததும் பெர்லின் மணிக்கு மாற்றினார்கள். அவர்கள் போன பிறகும் மணி திரும்பவில்லை.

இரண்டு ஊரின் நடுவிலிருந்து நடுவுக்கு யூரோஸ்டார் ரயில் கடலடிச் சுரங்கம் வழியாக இரண்டேகால் மணியில் போய்விடுகிறது. வீட்டு வாசலிலிருந்து கணக்குப் போட்டால் விமானம்தான் தோற்கும்.

அன்புடன்,
உன் ஆசிரியர்