48 ஓட்டைகள்

கேள்வி: குடும்பக் கொலை வழக்கை வைத்து எடுத்த குறுந்தொடர்களில், வீட்டில் வீடியோவில் பார்க்கத் தகுந்தது எது?

பதில்: தயங்காமல் 'ஃபேட்டல் விஷன்' என்பேன். 1984-இல் அமெரிக்காவின் என்பிசி இரண்டு இரவுகளாக ஒளிபரப்பியது. 1970 பிப்ரவரியில், வட கரோலினாவின் ஃபோர்ட் பிராக் ராணுவக் குடியிருப்பில் ஒரு கர்ப்பிணியும் அவருடைய இரண்டு பெண் குழந்தைகளும் கொல்லப்பட்டார்கள். கணவர் ஜெஃப்ரி மெக்டொனால்ட் ராணுவ மருத்துவர். வெளியிலிருந்து புகுந்த கும்பல்தான் கொன்றது, பைஜாமா சட்டையைக் கையில் சுற்றிக்கொண்டு குத்துகளைத் தடுத்தேன் என்றார். அந்தச் சட்டையில் 48 ஓட்டைகள். கிழிசல் இல்லாமல், வட்டவட்டமாக. சட்டையை மடித்து வைத்துப் பார்த்தால், மனைவியின் மார்பிலிருந்த 21 காயங்களோடு அவை பொருந்துகின்றன என்றது அரசுத் தரப்பு. 1979-இல் மூன்று ஆயுள் தண்டனை.

என்னை உலுக்கியது மாமனார் பாத்திரம். முதலில் மருமகனுக்காக ஊரெல்லாம் பேசியவர், விசாரணைப் பதிவைப் பக்கம் பக்கமாகப் படித்துவிட்டு அவருக்கு எதிராகத் திரும்புகிறார். கார்ல் மால்டன் அதற்கு எம்மி விருது வாங்கினார். பார்த்து முடித்ததும் ஜேனட் மால்கமின் 'த ஜர்னலிஸ்ட் அண்ட் த மர்டரர்' புத்தகத்தையும் படியுங்கள். தொடருக்கு மூலமான நூலை எழுதிய ஜோ மெக்கினிஸ், மெக்டொனால்டிடம் நண்பராகப் பழகியே அதை எழுதினார். அது முறைதானா என்று கேட்கிறது அந்தப் புத்தகம்.